பறவையைக் காத்த வயல்

1798இல் வேடந்தாங்கல் விவசாயிகள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் ஒரு முறையீடு கொண்டுபோனார்கள். ஏரியில் கூடு கட்டும் பறவைகளை ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்டுத்தள்ளுகிறார்கள், தடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். பிளேஸ் கௌல் என்ற உறுதிப்பத்திரம் எழுதிக்கொடுத்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. கேட்டவர்கள் நெல் நட்டவர்கள். பறவைகளின் எச்சம் கரைந்த தண்ணீர் மடை திறந்தால் நேரே வயலுக்குப் பாயும். அதைவிட நல்ல எரு அவர்களுக்கு வேறில்லை.

இன்று காவல் வனத்துறையின் கையில். 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020இல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் முயற்சி நடந்தது. பலத்த எதிர்ப்பு எழ, நிறைவேறவில்லை. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் பெயர் ஏறியது. அன்று ஊர்க்கட்டுப்பாடு இருந்த இடத்தில் இன்று சட்டமும் நுழைவுச்சீட்டும் கண்காணிப்பு கோபுரமும் இருக்கின்றன.

பறவைகள் ஏரியின் நீர்க்கடம்பு மரங்களில்தான் கூடு கட்டுகின்றன. கடந்த ஜனவரியில் கோபுரத்தின் மேலிருந்து பார்த்தேன். ஒரு கிளையில் கூழைக்கடாக்கள், அடுத்ததில் மஞ்சள் மூக்கு நாரைகள், வாலருகே இளஞ்சிவப்பு இறகுகளோடு. அப்பால் நத்தைகுத்தி நாரை ஒன்று. அதன் அலகு நடுவில் மூடாது, இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். நத்தையைப் பிடித்து, ஓட்டிலிருந்து சதையை இழுத்தெடுக்க வாய்த்த அலகு.

நான் இருப்பது வேலூரை அடுத்த பாகாயத்தில். பாலாற்றுப் படுகையில் எங்களுக்கும் ஏரிகள் உண்டு, ஊற்றுக்கால்வாய்கள் இருந்தன. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதப்படுத்திய காலம் போய், குரோமியம் வந்தது. ஏற்றுமதி பெருகியது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிந்தது, பெண்கள் கையில் சம்பளம் வந்தது. அதைச் சிறிய விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், தோல் தொழிற்சாலைப் பகுதியில் கழிவுநீரால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதை 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. நிலம் கெட்டதும் மடையைத் திறக்க வேண்டியவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். ஏரிக்காக வாதாட வயல்காரர் இல்லாமல் போனதைத்தான் இந்தக் கணக்கில் பெரிய இழப்பாக நான் நினைக்கிறேன். வேடந்தாங்கலில் சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே பறவைக்காகப் பேச ஆள் இருந்தது.

எங்கள் ஊருக்கு அருகே மலையடிவாரத்தில் இருக்கும் ஓட்டேரி ஏரி ஒருகாலத்தில் வேலூர் ஊருக்கே குடிநீர் கொடுத்தது. இப்போது வறண்டு கிடக்கும் ஆண்டுகளே கண்ணில் படுகின்றன. நல்ல மழை பெய்து நீர் நின்றால் மட்டும் முக்குளிப்பான்கள் வந்துவிடும். ஒன்று மூழ்கும், எங்கே எழும் என்று பார்த்தால், நினைத்த இடத்துக்குப் பத்தடி தள்ளித் தலை தெரியும். நீர்க்காகங்கள் பாறைமேல் இறக்கை விரித்து ஈரம் உலர்த்தும்.

2025 ஜனவரி 30 அன்று பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரவும், நிலைமையைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. அந்தக் குழு ஆற்றை அளக்கும்போது ஏரிகளையும், அவற்றுக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய்களையும் சேர்த்தே அளக்க வேண்டும்.