வானத்தில் ஒரு அரிக்கேன் விளக்கு!

விமானத்தில் கோளாறு எதுவும் இல்லை. இறங்க வேண்டிய ஊரும் நெருங்கி விட்டது. ஆனாலும் விமானி இறங்கவில்லை! வந்த வழியே திரும்பி விட்டார்.

இது கதை அல்ல. 2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஐரோப்பாவில் நடந்த சம்பவம்.

பின்லாந்து நாட்டின் தலைநகர் ஹெல்சிங்கி. அங்கிருந்து கடலைத் தாண்டித் தெற்கே போனால் எஸ்தோனியா என்ற சிறிய நாடு வரும். அதன் இரண்டாவது பெரிய நகரம் தார்த்து. ஹெல்சிங்கியில் இருந்து தார்த்துவுக்குச் சுமார் 240 கிலோ மீட்டர். விமானத்தில் ஒரு மணி நேரம் கூட ஆகாது.

ஏப்ரல் 25-ந் தேதி ஹெல்சிங்கியில் இருந்து புறப்பட்ட 'பின்ஏர்' கம்பெனி விமானம், தார்த்துவில் இறங்க முடியாமல் திரும்பியது. மறுநாளும் அதே கதிதான். ஊருக்குப் போகலாம் என்று ஏறிய பயணிகள், ஏறிய இடத்திலேயே வந்து இறங்கினார்கள்!

ஏப்ரல் 29-ந் தேதி முதல் ஒரு மாதத்துக்குத் தார்த்து விமானங்களையே கம்பெனி நிறுத்தி விட்டது.

காரணம் என்ன?

அமுங்கிப் போன குரல்

விமானிகளுக்கு இன்று வழி சொல்வது ஜி.பி.எஸ். என்ற ஏற்பாடு. பூமிக்கு மேலே சுமார் 20 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில் செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. அவை ஓயாமல் ரேடியோ அலைகளை அனுப்புகின்றன. குறைந்தது நான்கு கோள்களின் அலைகள் கிடைத்தால் போதும். விமானம் எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கருவி கணக்குப் போட்டுச் சொல்லி விடும்.

ஆனால் அவ்வளவு தூரம் வரும் அலை மிகவும் மெலிந்து போகிறது. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் நம் காதில் ரகசியம் சொல்கிறார். பக்கத்தில் ஒலிபெருக்கி அலறினால் அது கேட்குமா? அதே போல, பூமியில் இருந்து யாராவது பலமான ரேடியோ அலையைக் கிளப்பி விட்டால், செயற்கைக் கோளின் குரல் அமுங்கிப் போகும்.

தார்த்து பக்கம் நடந்தது அதுதான். இதற்கு ரஷ்யாவே காரணம் என்று எஸ்தோனிய அரசு குற்றம் சாட்டியது.

மற்ற பெரிய விமான நிலையங்களில் இறங்குவதற்கு வேறு வழிகளும் உண்டு. தார்த்துவிலோ ஜி.பி.எஸ். ஒன்றையே நம்பி இருந்தார்கள். அது போனதும் கை ஒடிந்தது போல் ஆகி விட்டது!

கேள்வியும் பதிலும்

இதற்கு மாற்று என்ன? புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியது இல்லை. செயற்கைக் கோள்கள் வருவதற்கு முன்பே விமானிகள் நம்பி இருந்த தரை ரேடியோ நிலையங்கள் இருக்கின்றனவே!

அவற்றில் ஒன்று தூரம் சொல்லும் நிலையம். இதை 'டி.எம்.இ.' என்பார்கள். விமானம், "நான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறேன்?" என்று கேட்பது போல ஒரு ரேடியோத் துடிப்பை அனுப்பும். தரை நிலையம் உடனே பதில் துடிப்பு அனுப்பும். கேள்விக்கும் பதிலுக்கும் இடையே சென்ற நேரத்தைக் கருவி அளந்து கொள்ளும்.

ரேடியோ அலை ஒரு விநாடியில் சுமார் 3 லட்சம் கிலோ மீட்டர் ஓடும். 30 கிலோ மீட்டர் போய் வர, ஒரு விநாடியை 5 ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரம் போதும். கருவி அதையும் பிசகாமல் அளந்து தூரத்தைச் சொல்லி விடும்!

இன்னொன்று திசை சொல்லும் நிலையம். இதன் பெயர் 'வி.ஓ.ஆர்.' இது ஒரு கலங்கரை விளக்கம் மாதிரி. சுற்றும் ஒளிக்கதிர் வடக்கைத் தொடும்போதெல்லாம், எல்லாப் பக்கமும் தெரிய ஒரு மின்னல் அடிப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். மின்னல் அடித்து எவ்வளவு நேரம் கழித்துக் கதிர் நம் மேல் படுகிறது என்று கணக்கிட்டால், நாம் எந்தத் திசையில் இருக்கிறோம் என்று தெரிந்து விடும். வி.ஓ.ஆர். நிலையம் இந்த வேலையை ஒளிக்குப் பதில் ரேடியோ அலைகளால் செய்கிறது.

திசையும் தெரிந்து தூரமும் தெரிந்தால் இடம் தெரிந்து விட்டது! இந்த நிலையங்கள் பக்கத்திலேயே பலமாகக் குரல் கொடுக்கின்றன. ஆகவே செயற்கைக் கோளின் குரலை அமுக்குவது போல இவற்றை எளிதில் அமுக்க முடியாது.

பழையதை ஒழிக்கலாமா?

ஜி.பி.எஸ். வந்ததும், "இனி இந்தப் பழைய நிலையங்கள் எதற்கு? பராமரிக்க வீண் செலவு!" என்ற எண்ணம் பல நாடுகளில் எழுந்தது.

அமெரிக்கா ஒரு நடுவழி கண்டது. அங்கே சுமார் 900 வி.ஓ.ஆர். நிலையங்கள் இருந்தன. அவற்றைச் சுமார் 590 ஆகக் குறைக்கத் திட்டம் போட்டார்கள். ஆனால் மீதியைக் காப்பாற்றி வைப்பது என்றும் முடிவு செய்தார்கள். நாட்டின் பெரும் நிலப்பரப்பில் எங்கே பறந்தாலும், ஜி.பி.எஸ். இல்லாமல் இறங்கக் கூடிய ஒரு விமான நிலையம் சுமார் 185 கிலோ மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

தார்த்துவும் பாடம் படித்துக் கொண்டது. விமானம் நின்றிருந்த அந்த ஒரு மாதத்துக்குள், டி.எம்.இ. நிலையங்களின் துணையோடு இறங்குவதற்கு அங்கே ஏற்பாடு செய்யப்பட்டது. 2024 ஜூன் 2-ந் தேதி ஹெல்சிங்கி விமானம் மறுபடியும் தார்த்துவுக்குப் பறந்தது.

வீட்டில் மின்சார விளக்கு வந்த பிறகும், நம் பாட்டிமார் அரிக்கேன் விளக்கைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, மூலையில் தயாராக வைத்திருப்பார்கள். மின்சாரம் நின்ற இரவில்தான் அதன் அருமை தெரியும்.

வானத்தில் போகிறவர்களுக்கும் அப்படி ஒரு விளக்கு வேண்டி இருக்கிறது!