ஒப்புதலின் பொருள்

நுழையும்முன்

பிறருக்கு வந்த மடலைப் பிரித்துப் படித்தல் முறையன்று என்பது நாம் அறிந்த பண்பு. இன்று மடலின் இடத்தைத் திறன்பேசி பெற்றுள்ளது. பேசிய எண்கள், சென்ற இடங்கள், தேடிய செய்திகள் என அனைத்தும் அதில் தரவுகளாகச் சேர்கின்றன. அத்தரவுகளை யார், எதற்காகப் பயன்படுத்தலாம் என்பதைச் சட்டத்தின் துணைகொண்டு இப்பாடம் விளக்குகிறது.

உரிமையின் வேர்

இந்திய அரசமைப்பின் அடிப்படை உரிமைகளுள் தனியுரிமை பெயர் சுட்டிக் கூறப்படவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் எழுந்த முதன்மையான வினா, தனியுரிமை அடிப்படை உரிமையா என்பதாகும். ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று, 'ஆம்' என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. உயிர்வாழும் உரிமையையும் தனிமனித விடுதலையையும் காக்கும் 21ஆவது பிரிவினுள் தனியுரிமையும் அடங்கும் என்பது அதன் சாரம்.

சட்டம் கூறும் ஒப்புதல்

2023இல் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டுள்ளது.

இச்சட்டத்தின் மையம் ஒப்புதல். 'ஏற்கிறேன்' என்னும் பொத்தானை அழுத்துவதாலேயே ஒப்புதல் முழுமை பெறுவதில்லை. அது கட்டாயமின்றியும், நோக்கத்தை அறிந்தும், தெளிவாகவும் அளிக்கப்பட வேண்டும். எந்தத் தரவு எதற்காகப் பெறப்படுகிறது என்பதை நிறுவனம் முன்னரே எளிய மொழியில் தெரிவித்தல் வேண்டும். அவ்வறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பையும் வழங்க வேண்டும். தமிழும் அவற்றுள் ஒன்று.

தேவைக்கு மிஞ்சிய தரவைக் கேட்பதைச் சட்டம் ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறது. தொலைமருத்துவச் செயலி ஒன்று, மருத்துவச் சேவைக்கான தரவுகளோடு திறன்பேசியின் தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது. பயனர் இரண்டிற்கும் இசைகிறார். எனினும், மருத்துவ ஆலோசனைக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை. ஆதலால், அவரது ஒப்புதல் சேவைக்குத் தேவையான தரவுகளுக்கு மட்டுமே செல்லும்.

ஒப்புதலை அளித்த அதே எளிமையோடு திரும்பப் பெறவும் இயல வேண்டும். தவறான தரவைத் திருத்தவும், தேவையற்றதை நீக்கவும் கோரலாம். குறை தீராவிடில் தரவுப் பாதுகாப்பு வாரியத்தை நாடலாம். தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுண்டு.

பதினெட்டு வயதுக்குட்பட்டோர்

18 வயது நிறைவடையாதவரை இச்சட்டம் குழந்தை எனக் கொள்கிறது. பதினொன்றாம் வகுப்பு மாணவர் பெரும்பாலோரும் இவ்வரையறைக்குள் வருவர். அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை. சில விலக்குகள் நீங்கலாக, அவர்களின் நடவடிக்கைகளைப் பின்தொடர்வதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் தடைசெய்யப்பட்டுள்ளன.

தெரிந்து தெளிவோம்

தனியுரிமைக் கொள்கையில் காண வேண்டியவை:
• எந்தெந்தத் தரவுகள் பெறப்படுகின்றன?
• அவை சேவைக்கு உண்மையிலேயே தேவையா?
• யாருடன் பகிரப்படுகின்றன?
• எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும்?
• ஒப்புதலைத் திரும்பப் பெறும் வழி யாது?

எல்லையும் பொறுப்பும்

நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக அரசு தன் அமைப்புகளுக்கு விலக்களிக்க இச்சட்டம் இடந்தருகிறது. இவ்விலக்கு மிகப் பரந்தது என்போரும், இன்றியமையாதது என்போரும் உளர். உரிமைக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான எல்லை குறித்த இவ்விவாதம் மக்களாட்சியின் இயல்பே ஆகும்.

சட்டம் காவலாக நிற்பினும் வாயிலைத் திறப்பவர் பயனரே. ஒருவரது திறன்பேசியில் உள்ள தொடர்புப் பட்டியல் அவருடையது மட்டுமன்று. அதில் உறவினர், ஆசிரியர், நண்பர் ஆகியோரின் எண்களும் உள்ளன. அவர்களைக் கேளாமலே அவற்றை ஒரு செயலிக்குத் திறந்துவிட ஒரு நொடி போதும். ஆகவே, 'ஏற்கிறேன்' என்பதற்கு முன் படித்தறிதல் தன்னைக் காப்பதோடு, தன்னை நம்பியோரையும் காக்கும் கடமையாகும்.