ஆர்எக்ஸ் 100, ஷோகன் வாங்கப் போறீங்களா? ஓசூர் பார்டரில் ஏமாறாமல் இருக்க ஒரு கம்ப்ளீட் கைடு!

போன மாசம் ஒருநாள் ராத்திரி, என் சித்தி பையனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. கறுப்பு கலர் யமஹா ஆர்எக்ஸ் 100. பளபளக்கும் குரோம், புது சீட், கர்நாடகா நம்பர் பிளேட். கீழேயே மெசேஜ்: ``அண்ணா, 1.10 லட்சம் சொல்றாங்க. நாளைக்கு அட்வான்ஸ் கொடுத்துடவா?’’

அவன் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். அந்த 1.10 லட்சம், கிட்டத்தட்ட ரெண்டு வருஷ ஓவர்டைம் காசு. ``அட்வான்ஸ் எல்லாம் அப்புறம்டா. ஞாயித்துக்கிழமை ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய் பார்ப்போம்’’ என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

ஏன் இந்த ஏரியாவில் இவ்வளவு கிரேஸ்?

கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது பலருக்குக் கனவு. நம்ம ஊரில் அந்தக் கனவின் டூ வீலர் வெர்ஷன்தான் டூ ஸ்ட்ரோக் பைக்குகள். ஓசூருக்கு இதில் சொந்தக் கதையே உண்டு. டிவிஎஸ், ஜப்பானின் சுஸுகியோடு கைகோத்து 1984-ல் 100 சிசி பைக்கை மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்தது ஓசூர் தொழிற்சாலையிலிருந்துதான். அதன் வாரிசாக 90-களில் வந்த சுஸுகி ஷோகன், 108 சிசி இன்ஜினில் 14 குதிரைத்திறன் கொடுத்தது. அதே காலத்து ஆர்எக்ஸ் 100-ன் பவர் 11 குதிரைத்திறன். 2001-ல் டிவிஎஸ்ஸும் சுஸுகியும் பிரிந்தன.

ஆர்எக்ஸ் 100 இங்கே 1985-லிருந்து 1996 வரை தயாரானது. இன்னொரு பக்கம், மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1996 வரை யெஸ்டி பைக்குகளைத் தயாரித்தது. பெங்களூரு வெறும் 40 கிலோமீட்டர். அதனால் இந்த பார்டர் பெல்ட்டில் பழைய ஷோகன், ஆர்எக்ஸ், யெஸ்டி மூன்றுமே கண்ணில் படும். இதில் ஒரு முரண்: ஏத்தர், ஓலா என எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் தயாராவதும் இப்போது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். புகை விடாத வண்டிகள் பெருகப் பெருக, புகைவிட்ட வண்டிகளுக்கு விலை ஏறிக்கொண்டே போகிறது!

முதலில் பேப்பர், அப்புறம்தான் பைக்

பைக்கைப் பார்த்ததும் நம்ம கை தானாக ஆக்ஸிலரேட்டருக்குப் போகும். மெக்கானிக் அண்ணன் போட்ட முதல் ரூல், ``தம்பி, ஆர்சி புக்கைப் பார்க்காம வண்டியைத் தொடாதே. தொட்டா மனசு கேட்காது.’’

ஆர்சியில் பார்க்க வேண்டியவை இவை.

ரெஜிஸ்ட்ரேஷன் உயிரோடு இருக்கிறதா? சொந்த உபயோக வண்டிக்கு முதல் ரெஜிஸ்ட்ரேஷன் 15 வருஷம் செல்லும். அதற்குப் பிறகு ஆர்டிஓவில் வண்டியைக் காட்டி, 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1993-ல் ரெஜிஸ்டர் ஆன ஷோகன் 2008, 2013, 2018, 2023 என நாலு முறை புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். நடுவில் விட்டுப்போயிருந்தால் தாமதக் கட்டணம், இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் யார் தலையில் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். 20 வருஷத்தைத் தாண்டின டூ வீலருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 2025-ல் 2,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது.

ஆர்சியில் இருப்பவரும் விற்பவரும் ஒரே ஆளா? ``ஓனர் ஃபாரின்ல இருக்காரு, சைன் பண்ண ஃபார்ம் இருக்கு’’ என்றால் உஷார். எப்போதோ கையெழுத்துப் போட்டுவைத்த வெற்று ஃபார்மை நம்பிப் பணம் கொடுத்தால், நாளைக்கு ஆர்டிஓவில் ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்காது.

ஆன்லைனில் வண்டி தெரிகிறதா? எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். பழைய வண்டிகள் சில டிஜிட்டலில் ஏறாமல் இருக்கும். அப்படியென்றால் முதலில் அந்த ஆர்டிஓவில் ரெக்கார்டை ஏற்றச் சொல்லி, அதன் பிறகு விலை பேசுங்கள். பெங்களூரில் ஓடின வண்டி என்றால் டிராஃபிக் ஃபைன் பாக்கி இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

நம்பர்தான் ஜாதகம்

வெளிநாட்டில் பழைய போர்ஷே 911 வாங்குபவர்களும் முதலில் கேட்பது, ``சேஸி நம்பரும் இன்ஜின் நம்பரும் ஒரிஜினலா?’’ என்றுதான். நமக்கும் அதே கேள்வி. ஆர்எக்ஸ் 100-ல் ரெண்டு நம்பர்களும் `1எல்1’ என ஆரம்பிக்கும். வேறு எழுத்துகளில் ஆரம்பித்தால் அது வேற மாடலின் இன்ஜினோ, சேஸியோ.

ஹேண்டில்பார் கழுத்துப் பக்கம் டார்ச் அடித்து சேஸி நம்பரைப் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் புது பெயின்ட், அரம் தேய்த்த தடம், பட்டி இருந்தால் நம்பர் மாற்றிக் குத்தியிருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜின் மாற்றுவது தப்பில்லை. ஆனால், மாற்றினதை ஆர்டிஓவில் சொல்லி ஆர்சியில் பதிவு செய்திருக்க வேண்டும்.

சித்தி பையன் பார்த்த வண்டி விழுந்தது இங்கேதான். சேஸி நம்பர் சரி. இன்ஜின் நம்பரில் கடைசி ரெண்டு இலக்கங்கள் ஆர்சியோடு ஒத்துப்போகவில்லை. கேட்டால், ``ஆர்டிஓல டைப் பண்றப்போ தப்பாகிடுச்சு ப்ரோ’’ என்றார் விற்க வந்தவர். ஒருவேளை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், அதைத் திருத்தி வாங்க வேண்டியது அவர் பொறுப்பு. திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால், போலீஸ் நிறுத்துவது நம்மைத்தான்.

இன்ஜின் சொல்லும் உண்மை

போவதற்கு முன்பே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்: ``நான் வர்றவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க.’’ போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் ட்ரபிளை மறைக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த இன்ஜின் ரெண்டு, மூன்று கிக்கில் பிடிக்க வேண்டும்.

புகை: டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் சேர்ந்து எரிவதால் கொஞ்சம் புகை சகஜம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் மண்டலமாக வெள்ளைப் புகை வந்தால், கிராங்க் ஆயில் சீல் போய், கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சுகிறது என்று சந்தேகப்படலாம். கியர் ஆயில் அளவு குறைந்திருந்தால் சந்தேகம் உறுதி.

ஐடிலிங்: ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்காமல் நின்றால், எங்கேயோ காற்று கசிகிறது. இதைக் கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் சீஸ் ஆகலாம்.

பிளக்: கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் என்றால் நல்லது. வெள்ளை என்றால் பெட்ரோல் போதாமல் சூடாகிறது. கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் ஆயிலோ பெட்ரோலோ அதிகம்.

போர்: ``எத்தனையாவது போர் ஓடுது?’’ என்று கேளுங்கள். சிலிண்டர் தேயத் தேய 0.25 மில்லிமீட்டர் கணக்கில் குடைந்து, பெரிய பிஸ்டன் போடுவார்கள். கடைசி சைஸ் வரை போய்விட்ட சிலிண்டர் என்றால், அடுத்த வேலைக்கு சிலிண்டரையே மாற்றவோ, ஸ்லீவ் போடவோ வேண்டியிருக்கும்.

சத்தம்: சைலன்ஸரை வெட்டி, போர்ட்டிங் செய்து `ரேஸ் ட்யூன்’ என்று விற்கும் வண்டிகளைத் தவிர்த்துவிடுங்கள். கேட்க ஜாலியாக இருக்கும். இன்ஜின் ஆயுளும் குறையும், ஃபைனும் வரும்.

பளபளப்பில் மயங்காதீங்க

வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் ஒரு காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பெட்ரோல் டேங்க்கில் வரிசையாக வைத்துக்கொண்டே வாருங்கள். ஒட்டாத இடத்தில், பெயின்ட்டுக்குக் கீழே கனமாகப் பட்டி பூசியிருக்கிறார்கள். டேங்க் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள். துரு இருந்தால் அது கார்புரேட்டர் வரை போகும்.

பின்னால் நின்று ரெண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா பாருங்கள். ஹேண்டில் கழுத்திலும் ஸ்விங் ஆர்மிலும் புது வெல்டிங் இருந்தால் அது ஆக்ஸிடென்ட் வண்டியாக இருக்கலாம். மெக்கானிக் அண்ணன் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது: ``கீறல் இருக்கற வண்டி பொய் சொல்லாது தம்பி. புது பெயின்ட் அடிச்ச வண்டிகிட்டதான் நிறைய கேள்வி கேக்கணும்.’’

ஸ்பேர்ஸையும் யோசியுங்கள். ஆர்எக்ஸ் 100-க்கு பெங்களூரு ஜே.சி ரோட்டிலும் சென்னை புதுப்பேட்டையிலும் தேடினால் பார்ட்ஸ் சிக்கும், டூப்ளிகேட்டும் சேர்ந்தே சிக்கும். ஷோகனுக்குத் தேடல் கூடுதல். அதனால் ஷோகன் வாங்கினால் கூடவே கிடைக்கும் பழைய பார்ட்ஸ் பெட்டியையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேஏ டு டிஎன்: பார்டர் தாண்டும் கணக்கு

கர்நாடகா வண்டியை இங்கே வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால், அது ரெஜிஸ்டர் ஆன ஆர்டிஓவில் ஃபார்ம் 28 கொடுத்து என்ஓசி வாங்க வேண்டும். வரி பாக்கி, போலீஸ் கேஸ் இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். அதனால், `என்ஓசி கையில் வந்த பிறகு முழுப் பணம்’ என்று பேசுங்கள். பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. தமிழ்நாட்டு நம்பர் வாங்க ஃபார்ம் 27. லோன் பாக்கி காட்டினால் ஃபார்ம் 35.

வேறு மாநில நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் எவ்வளவு வரி, பசுமை வரி வரும் என்பதை ஓசூர் ஆர்டிஓவில் விலை பேசுவதற்கு முன்பே விசாரியுங்கள். அந்தத் தொகையை வண்டி விலையோடு கூட்டினால்தான் உண்மையான விலை. தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். பொல்யூஷன் சர்ட்டிஃபிகேட்டும் வேண்டும்.

``வின்டேஜ்னு பதிவு பண்ணிக்கலாம் ப்ரோ’’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2021 விதிப்படி, முதல் ரெஜிஸ்ட்ரேஷனிலிருந்து 50 வருஷம் தாண்டினால்தான் வின்டேஜ். 1985 ஆர்எக்ஸ்ஸுக்கே 2035 வரை காத்திருக்கணும்!

கடைசியில் என்ன வாங்கினான்?

அந்தக் கறுப்பு ஆர்எக்ஸ்ஸை விட்டுவிட்டு வரும்போது, சித்தி பையன் அத்திப்பள்ளி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வாரம் கழித்து, ஓசூரிலேயே ரிட்டயர்டு ஆன ஒருவர் வீட்டில் ஒரு ஷோகன் கிடைத்தது. பெயின்ட் மங்கல், சீட்டில் தையல். ஆனால் ஒரே ஓனர், 2028 வரை செல்லும் ஆர்சி, மேட்ச்சிங் நம்பர்கள், ஒரு சாக்குப் பையில் பழைய பில்கள். விலையும் ஆர்எக்ஸ்ஸைவிடக் குறைவு.

சாவியைக் கொடுக்கும்போது அந்தப் பெரியவர் சொன்னது ஒன்றுதான்: ``தம்பி, ஹைவேஸ்ல மெதுவா போ. இது பழைய பிரேக்.’’ என்ஹெச் 44-ல் இன்றைக்குப் பறக்கும் கார்களுக்கு நடுவே 30 வருஷப் பழைய பைக்கை ஓட்டப் போகிற எல்லோருக்கும் அதே அட்வைஸ்தான். கூடவே, மறக்காம ஹெல்மெட்!