பள்ளிக் குழுவில் பிள்ளைக்கும் ஒரு நாற்காலி

தாராவியில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. மாநகராட்சிப் பள்ளியிலிருந்து மராத்தியில் ஒரு கடிதம் வருகிறது. தாய் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மகளிடம் நீட்டுகிறார். ஏழாம் வகுப்பில் தமிழ் வழியில் படிக்கும் மகள் எழுத்துக் கூட்டாமல் வாசித்து, "சனிக்கிழமை கூட்டமாம்மா, ஒன்ன கமிட்டியில போட்டிருக்காங்களாம்" என்கிறாள். சனிக்கிழமை தாய் கூட்டத்திற்குப் போகிறார். பேச்சு முழுவதும் மராத்தியில் நடக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புகிறார். எல்லாம் புரிந்திருக்கக்கூடிய மகளோ, வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள்.

இந்தக் கட்டுரை அந்த வராந்தாவைப் பற்றியது.

கல்வியில் மாணவர்க்கும் சொல்ல இடம் வேண்டும் என்பது புதிய கருத்தன்று. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. பின்லாந்தில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு நகராட்சியிலும் இளைஞர் மன்றம் ஒன்று இருந்தாக வேண்டும். கல்வி உட்பட இளைஞர்களைத் தொடும் விஷயங்களில் அதன் கருத்தைக் கேட்க வேண்டும். அங்கே முடிகிறது, இங்கே முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். நம் சட்டத்திலும் ஏற்கெனவே ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கிறது.

முதலில் கல்லூரிக் கதை. மகாராஷ்டிரத்தில் ஒரு காலத்தில் மாணவர் தேர்தல்கள் அமர்க்களமாக நடந்தன. அமர்க்களம் அடிதடியானது, 1989-இல் மும்பையில் ஒரு மாணவர் தலைவர் கொலையுண்டார். 1994-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் தேர்தலை எடுத்துவிட்டு, மதிப்பெண் பார்த்து நியமிக்கும் முறையைக் கொண்டுவந்தது. பின்னர் லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006-இல் நடைமுறைப்படுத்தச் சொன்னது. வேட்பாளர் ஒருவர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது, 75 சதவீத வருகை வேண்டும் என்பன அவற்றுள் சில. மகாராஷ்டிரத்தின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவந்தது. வகுப்புக்கு ஒரு பிரதிநிதி, கல்லூரிக்கு ஒரு தலைவர், பெண்களுக்கென ஓர் இடம் என்று அதில் ஏற்பாடு இருக்கிறது. 2019-இல் நாளும் குறித்தார்கள். வெள்ளம் வந்தது, சட்டமன்றத் தேர்தல் வந்தது, தள்ளிப்போனது. அடுத்த ஆண்டு கொரோனா. சயானிலும் வடாலாவிலும் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளின் மூத்த தலைமுறையில் பலர், தங்கள் மன்றத்திற்கு ஒரு வாக்குக்கூடப் போடாமலேயே பட்டம் வாங்கிவிட்டார்கள்.

ஆனால் கல்லூரி வரை போவதற்கு முன்பே நம் பிள்ளைகளுக்குப் பல விஷயங்கள் முடிவாகிவிடுகின்றன. மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. நாட்டில் எத்தனை நகரங்களில் இப்படி உண்டு? ஆயினும் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் குறைவார். ஆசிரியர் குறைந்தால் பிள்ளைகள் இன்னும் குறைவார்கள். இந்தச் சங்கிலியை எங்கே பிடித்து நிறுத்துவது?

2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அதற்கு ஒரு பிடி இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். மீதிக் கால் பங்கை மத்திய அரசின் மாதிரி விதிகள் மூன்றாகப் பிரிக்கின்றன: உள்ளாட்சி உறுப்பினர், ஆசிரியர், மூன்றாவது பங்கு உள்ளூர்க் கல்வியாளர் அல்லது அப்பள்ளியின் பிள்ளைகள். மகாராஷ்டிரத்துக் குழுக்களிலும் மாணவர் பிரதிநிதிக்கு இடம் உண்டு. மாதிரி விதிப்படி, அந்த மூன்றாவது பங்கில் யார் என்பதைக் குழுவிலுள்ள பெற்றோரே தீர்மானிக்கிறார்கள். தலைமையாசிரியர் அல்லர், அதிகாரியும் அல்லர்.

குழுவின் வேலைகளில் முக்கியமானது பள்ளி வளர்ச்சித் திட்டம். மூன்று ஆண்டுக்கான கணக்கு அது. எத்தனை பிள்ளைகள் சேரக்கூடும், எத்தனை ஆசிரியர் கூடுதலாக வேண்டும், என்ன கட்டட வசதி வேண்டும் என்று அதில் எழுத வேண்டும். "தமிழுக்கு ஆசிரியர் இல்லை" என்று சந்தில் நின்று புலம்புவதற்கும், அத்திட்டத்தில் ஒரு வரியாக ஏற்றுவதற்கும் உள்ள தூரம் பெரிது. பின்னதற்கு யாராவது ஒருவர் பதில் எழுதியாக வேண்டும். கூட்டம் மாதம் ஒருமுறை கூட வேண்டும், நடவடிக்கைக் குறிப்பு எவரும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு.

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, மொழிச் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் பிற உதவிபெறும் பள்ளிகளிலும் இக்குழு ஆலோசனை மட்டுமே கூறலாம். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இக்குழு கிடையாது. மாதுங்கா, செம்பூர்ப் பெற்றோர் தங்கள் பிள்ளையின் பள்ளி எந்த வகை என்று அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை கொள்கை பேசுமா என்று சிலர் சிரிப்பார்கள். கொள்கை வேண்டாம். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதும், கணக்குப் பாடம் இரண்டு மாதமாக நடக்கவில்லை என்பதும், எட்டாம் வகுப்புக்குப் பின் தோழி எந்தப் பள்ளிக்கும் போகவில்லை என்பதும் எந்த அதிகாரியையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். புலம்பெயர்ந்த குடும்பங்களில் இன்னொன்றும் உண்டு. வீட்டில் இந்த ஊர் மொழியைச் சரளமாக எழுதப் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் பிள்ளைதான். மின்கட்டணச் சீட்டு முதல் ரேஷன் அட்டை வரை அவள்தான் வாசிக்கிறாள். குழுவில் அவள் உட்கார்ந்தால் ஒரு மாணவியின் குரல் கேட்கும். அத்தோடு அவள் தாயின் குரலும் முதன்முறையாகக் கேட்கும்.

இக்குழு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியமைக்கப்படும். உங்கள் பள்ளியில் அது எப்போது என்று கேளுங்கள். மாணவர் இடத்தில் யார் பெயர் இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு அது தெரியுமா என்றும் கேளுங்கள். கூட்டத்தை மாலையில் வைக்கச் சொல்லலாம். இட்லி வியாபாரத்துக்கும் தோல் பட்டறைக்கும் போகும் தாய் தந்தையர் அப்போதுதான் வர முடியும். நடவடிக்கைக் குறிப்பைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் தமிழில் ஒருமுறை படித்துச் சொல்லச் சொல்லுங்கள். படித்துச் சொல்ல வராந்தாவில் ஆள் இருக்கிறது.