சேவைகள் கூடும் முற்றம்

ஒரு குழந்தைக்குச் சத்துள்ள உணவு வேண்டும், தடுப்பூசி வேண்டும், விளையாட்டோடு கல்வியும் வேண்டும். அதன் தாய்க்கோ நல்ல ஆலோசனை வேண்டும். இவற்றை வெவ்வேறு இலாகாக்கள் வெவ்வேறு இடங்களில் வழங்குமாயின், அன்றாடக் கூலிக்குச் செல்லும் குடும்பம் எத்தனை வாசல்களில் ஏறி இறங்க இயலும்? மொழி பழகாத ஊருக்குக் குடிபெயர்ந்த குடும்பமாயின் இடர்ப்பாடு இருமடங்காகும். பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் இதனை நன்கு அறிவோம்.

இக்குறையை நீக்கும் பொருட்டே 1975 அக்டோபர் 2 அன்று, 33 வட்டாரங்களில், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கப்பெற்றது. இதன் அடிப்படைக் கருத்து எளியது. நோயுற்ற குழந்தையின் உடலில் உணவு ஒட்டாது; உணவு குன்றிய குழந்தையை நோய் எளிதில் பற்றும். ஆகையால் உணவையும் மருத்துவத்தையும் தனித்தனியே அளிப்பதால் முழுப்பயன் விளைவதில்லை.

திட்டத்தின் பணிகள் ஆறு. துணை உணவு, பள்ளிக்கு முந்தைய கல்வி, தாய்மார்க்குரிய சத்துணவு, சுகாதார அறிவுரை ஆகியவற்றை அங்கன்வாடிப் பணியாளரே நடத்துகிறார். தடுப்பூசி, உடற்பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல் ஆகிய மூன்றையும் சுகாதாரத் துறையினர் அவருடன் சேர்ந்து செய்கின்றனர். இலாகாக்கள் இரண்டாயினும் தாய் வந்து சேரும் இடம் ஒன்றே. முற்றத்தைக் குறிக்கும் ‘ஆங்கன்’ என்னும் இந்திச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இவ்விடத்திற்குப் பொருத்தமேயன்றோ!

எனினும், குடும்பம் இடம்பெயரும்போது இந்தச் சங்கிலி அறுபடுகிறது. முதலாவது, பதிவு அறுபடுகிறது. தடுப்பூசி இடையில் நின்றுபோயின், பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் எங்கே விட்டோம் என்பதைத் தாய் சேய் நல அட்டையே கூறும். நகைநட்டுடன் அவ்வட்டையையும் பத்திரமாக எடுத்துச் செல்லல் வேண்டும். போஷன் டிராக்கர் என்னும் கைபேசிச் செயலியின் மூலம் பழைய அங்கன்வாடியிலுள்ள பெயரைப் புதிய அங்கன்வாடிக்கு மாற்றவும் இன்று வழியுண்டு. பணியாளரிடம் கேட்டுப் பெறலாம்.

இரண்டாவது, நமக்கு உரிமை உண்டோ என்னும் ஐயம். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும், கருவுற்ற தாய்மார்க்கும், பாலூட்டும் தாய்மார்க்கும் அங்கன்வாடி உணவை உரிமையாக்கியது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டி, 6 முதல் 14 வயதுள்ள குழந்தையைச் சேர்க்க அரசுப் பள்ளி மறுத்தலாகாது. மேலும், அங்கன்வாடி இல்லாத குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்டோர் 40 பேர் இருப்பின், கோரிய மூன்று மாதங்களுக்குள் ஒன்றை அமைத்தல் வேண்டும் என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

மூன்றாவது, மொழி. இதனை அரசின் திட்டம் மட்டும் தீர்த்துவிடாது. நாமும் ஒருங்கிணைய வேண்டும். நம் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கு வீடுவீடாகச் சென்று நன்கொடை திரட்டுவதுபோல, ஆண்டுக்கொரு முறை நம் குடியிருப்பிலுள்ள குழந்தைகளையும் கருவுற்ற தாய்மார்களையும் கணக்கெடுக்கலாம். மாதந்தோறும் அங்கன்வாடியில் நடைபெறும் சுகாதார, ஊட்டச்சத்து நாளில், வட்டார மொழி அறிந்த ஒரு சகோதரி புதிதாக வந்த தாய்மார்களை அழைத்துச் செல்லலாம். எடை குறைந்த குழந்தையைப் பற்றிப் பணியாளர் கூறுவதைத் தாய்க்குத் தமிழில் விளக்குதல் சிறு பணியே. ஆயினும் அக்குழந்தை நலம்பெறுவது அதனால் கூடும்.

முற்றத்தை அரசு அமைத்துள்ளது. அதன் வாசல்வரை நம் மக்களை அழைத்துச் செல்லும் கடமை நம்முடையது.