ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. புள்ளியியல் வகுப்பில் 'மாதிரி எடுத்தல்' என்னும் பாடம் தொடங்கியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்ததும் இப்பழமொழிதான். ஆனால் ஒரு நாட்டையே பானையாகக் கொண்டால், அதன் பதத்தைக் காட்டும் ஒரு சோற்றை, அதாவது ஒரே ஓர் ஊரை, நாம் கண்டெடுக்க முடியுமா? முடியும் என்று அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் பல்லாண்டுகள் நம்பினார்கள். அந்த ஊரின் பெயர் டெர்ரா ஹோட். அதன் கதையை நம் கல்லூரி நண்பர்களுடன் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் மக்களும்

அமெரிக்காவின் நடுமேற்கில் உள்ள இண்டியானா மாநிலத்தில், வாபாஷ் ஆற்றின் கரையில் அமைந்துள்ளது டெர்ரா ஹோட். பிரெஞ்சு மொழியில் இதற்கு 'உயர்ந்த நிலம்' என்று பொருள். தமிழில் 'மேட்டூர்' என்று பெயர்த்துச் சொன்னாலும் பிழையில்லை. இது விகோ கவுண்டியின் தலைநகர். கவுண்டி என்பதை ஏறத்தாழ நம் வட்டம் போன்ற ஓர் ஆட்சிப் பிரிவு எனக் கொள்ளலாம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி விகோவின் மக்கள்தொகை 1,06,153; நகரின் மக்கள்தொகை 58,389.

சிறிய ஊர்தான், எனினும் பெயர் பெற்ற ஊர். நம் கடைவீதிகளில் காணும் இடுப்பு ஒடுங்கிய கோக்கோ கோலா கண்ணாடிப் புட்டியின் வடிவம் 1915இல் இங்கிருந்த ரூட் கண்ணாடித் தொழிற்சாலையில்தான் பிறந்தது. சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள், இரயில் பாதைகள், சோளமும் சோயாவும் விளையும் வயல்கள். நகருக்குள் ஆலைகள், தொழிற்சங்கங்கள், 1865இல் நிறுவப்பட்டு இன்று இண்டியானா மாநிலப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் கல்வி நிலையம். உழவர், தொழிலாளர், மாணவர் ஆகிய மூவகையினரும் ஓரிடத்தில் கலந்து வாழ்ந்தனர் என்பதை ஈண்டு மனத்தில் கொள்ளவேண்டும்.

அரசியலிலும் இவ்வூர் சூடானது. 1914ஆம் ஆண்டுத் தேர்தலில் நடந்த முறைகேடுகளுக்காக நகர மேயரும், அவருடன் நூற்றுக்கும் மேற்பட்டோரும் குற்றம் சாட்டப்பட்டனர். மேயர் சிறைக்கே சென்றார். 1935இல் ஓர் ஆலையில் எழுந்த போராட்டம் நகர் முழுதும் பொது வேலைநிறுத்தமாகப் பரவ, மாநில ஆளுநர் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார்.

முப்பத்தைந்தில் மூன்று

இனி வாக்குக்கு வருவோம். 1888 முதல் 2024 வரை அமெரிக்காவில் 35 குடியரசுத் தலைவர் தேர்தல்கள் நடைபெற்றன. விகோ கவுண்டியின் பெரும்பான்மை அவற்றுள் 32 தேர்தல்களில் வென்றவர் பக்கமே நின்றது. தவறியவை மூன்றே. 1908இல் டாஃப்ட் வென்றபோது விகோ பிரையனுக்கு வாக்களித்தது. 1952இல் ஐசன்ஹோவர் வென்றபோது ஸ்டீவன்சனுக்கு வாக்களித்தது. மூன்றாவது தவறு 2020இல். இடையே 1956 முதல் 2016 வரை தொடர்ந்து பதினாறு தேர்தல்களில் ஒருமுறைகூட இது பிசகவில்லை!

மாநிலத்தின் போக்கை ஒட்டியே ஊரும் போயிருக்கும் என்று சிலர் கருதலாம். அதுவும் பொருந்தவில்லை. இண்டியானா குடியரசுக் கட்சியின் கோட்டை. 1960இல் கென்னடி, 1976இல் கார்ட்டர், 1992இலும் 1996இலும் கிளிண்டன், 2012இல் ஒபாமா ஆகியோர் நாட்டில் வென்றும் இண்டியானாவில் தோற்றனர். அந்த ஐந்து முறையும் விகோ தன் மாநிலத்தை விட்டு விலகி நாட்டோடு சென்றது.

இன்னொரு வியப்பும் உண்டு. அமெரிக்காவில் தலைவரைத் தேர்ந்தெடுப்பது மக்களின் மொத்த வாக்கு அன்று. மாநிலவாரியாக அமையும் 538 தேர்வாளர் வாக்குகளில் 270 பெறுபவரே வெல்வார். இதனால் மொத்த வாக்கில் பின்தங்கியவரும் பதவிக்கு வரலாம். 1888, 2000, 2016 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறே நிகழ்ந்தது. அம்மூன்று ஆண்டுகளிலும் விகோ பதவிக்கு வந்தவரையே தேர்ந்திருந்தது.

வென்றவரையே தேடித் தேடி வாக்களித்த இவ்வூரில், தோற்றே புகழ் பெற்ற ஒருவரும் பிறந்தார் என்பது வரலாற்றின் விளையாட்டு. இரயில்வே தொழிலாளர் தலைவரான யூஜின் டெப்ஸ் 1855இல் இங்குப் பிறந்தவர். சோஷலிஸ்டு வேட்பாளராக 1900, 1904, 1908, 1912, 1920 என ஐந்து முறை குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். போரை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறைப்பட்டிருந்த நிலையிலேயே, 1920இல் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். அவர் வாழ்ந்த இல்லம் இன்று நினைவகமாக விளங்குகிறது.

ஆரூடமா, கணக்கா?

இவ்வளவு பொருத்தம் எப்படி வந்தது? நான் இதனை இரண்டு கூறாகப் பார்க்கிறேன்.

முதலாவது, தற்செயல். ஒரு நாணயத்தைப் பதினாறு முறை சுண்டி, பதினாறு முறையும் சொன்னபடி விழுவதற்கு 65,536இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. ஆனால் எல்லாத் தேர்தலும் நாணயச் சுண்டல் ஆகா. 1956, 1964, 1972, 1980, 1984, 1988 ஆகிய ஆண்டுகளில் வென்றவர் நாற்பது மாநிலங்களையோ அதற்கு மேலுமோ கைப்பற்றினார். பேரலை வீசும்போது பெரும்பாலான ஊர்கள் அதன் பக்கமே சாயும். அதில் திறமை ஏதுமில்லை. அந்த ஆறையும் கழித்தால் எஞ்சுபவை பத்து. பத்து முறையும் சரியாக விழ 1,024இல் ஒரு வாய்ப்பு. அமெரிக்காவிலோ மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. ஆகவே வெறும் தற்செயலாலேயே இரண்டு மூன்று கவுண்டிகளுக்கு இப்புகழ் கிட்டியிருக்கும்! கணக்கை எளிமையாக்கிச் சொல்லியிருக்கிறேன் எனினும் கருத்து மாறாது. பரிசுச் சீட்டு வாங்கிய ஆயிரம் பேரில் ஒருவருக்குப் பரிசு விழுவது உறுதி. பரிசு பெற்றவரைச் சோதிடர் என்று நாம் கொண்டாடுவதில்லை.

இரண்டாவது, ஊரின் அமைப்பு. தொழிற்சங்கத்தினர் ஜனநாயகக் கட்சிப் பக்கமும், உழவரும் வணிகரும் பெரும்பாலும் குடியரசுக் கட்சிப் பக்கமும் நின்ற காலத்தில், விகோவில் இரு தட்டுகளும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. சமமாக நிற்கும் தராசில் ஒரு குன்றிமணி விழுந்தாலும் முள் அசையும். விலைவாசி, போர், வேலையின்மை என நாடெங்கும் எழுந்த சிறு அசைவும் இங்கே உடனே தெரிந்தது.

தராசு சாய்ந்தது

2008இல் ஒபாமா விகோவில் ஏறத்தாழ 57 விழுக்காடு பெற்றார். எதிர்த்து நின்ற மெக்கெய்னுக்கு 41. 2012இல் அதே ஒபாமா ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் தப்பினார். 2016இல் டிரம்ப் ஏறத்தாழ 55, ஹிலாரி கிளிண்டன் 40. எட்டே ஆண்டுகளில் தராசு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விட்டது. 2020இல் டிரம்புக்கு விகோ 56 விழுக்காடு அளித்தது. ஆனால் நாட்டில் பைடன் 306 தேர்வாளர் வாக்குகளுடன் வென்றார். பதினாறு தேர்தல்களின் தொடர் அறுந்தது.

விகோ மட்டும் அன்று. 1980 முதல் 2016 வரை தவறாமல் வென்றவரைத் தேர்ந்த கவுண்டிகள் நாடு முழுதும் பத்தொன்பது இருந்தன. அவற்றுள் பதினெட்டு 2020இல் தவறின. தப்பியது வாஷிங்டன் மாநிலத்துக் கிளாலம் ஒன்றே. அதுவும் 2024இல் தவறியது.

காரணத்தை மக்கள்தொகைக் கணக்கிலேயே காணலாம். 1960இல் 72,500ஆக இருந்த டெர்ரா ஹோட் நகர மக்கள்தொகை 2020இல் அறுபதாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. 2010க்கும் 2020க்கும் இடையே நாட்டின் மக்கள்தொகை ஏழு விழுக்காட்டுக்கு மேல் வளர, விகோவினது சற்றுக் குறைந்தது. நாட்டில் ஸ்பானிய மரபினர் ஏறத்தாழ 19 விழுக்காடு. விகோவில் அவர்கள் மிகச் சிலரே. அங்கு வெள்ளையர் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். பட்டம் பெற்றோர் விகிதம் நாட்டின் சராசரியை விடக் குறைவு. முன்பு வருமானமும் தொழிற்சங்கமும் வாக்கைப் பிரித்தன. இப்போது கல்லூரிப் பட்டம் பெற்றவர், பெறாதவர் என்ற பிரிவு வலுத்துவிட்டது. ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் பழைய கட்சியை விட்டு அகன்றன. நாட்டின் பிற பகுதிகளில், குறிப்பாகப் பெருநகரங்களையும் அவற்றின் புறநகர்களையும் சார்ந்த இடங்களில், அசைவு எதிர்த் திசையில் இருந்தது.

2024இல் டிரம்ப் வென்றார். விகோவும் அவருக்கே வாக்களித்தது. 'பழைய புகழ் திரும்பிவிட்டது' என்று கூற எனக்கு மனமில்லை. நாட்டில் வாக்கு வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. விகோவில் அது அதனினும் பன்மடங்கு. முள் ஒரு பக்கமே நிலைத்துவிட்ட தராசு, சரக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது சரியாகத்தான் காட்டும்.

நாம் கொள்ளவேண்டியது

சமையற்காரர் ஒரு சோற்றைப் பதம் பார்ப்பதற்கு முன் அகப்பையால் பானையைக் கிளறிவிடுகிறார். எல்லாச் சோறும் ஒரே கொதியில் வெந்ததால்தான் ஒன்று மற்றவற்றுக்குச் சான்றாகிறது. அடியில் தீய்ந்தும் மேலே வேகாமலும் இருக்கும் பானைக்கு அப்பழமொழி உதவாது. அமெரிக்கா இன்று அவ்வாறு பிரிந்து வேகும் பானை.

நம் தேநீர்க் கடைகளிலும் 'இந்தத் தொகுதியில் வென்றவர் கட்சிதான் ஆளும்' என்ற பேச்சை நாம் கேட்கிறோம். கேட்கும்போது இரண்டு கேள்விகளை எழுப்புவோம்: எத்தனை தொகுதிகளில் தேடி இந்த ஒன்றைக் கண்டெடுத்தார்கள்? அத்தொகுதி மக்கள் இன்றும் மாநிலத்து மக்களைப் போலவே வாழ்கிறார்களா?

விகோ மக்கள் நாட்டுக்குக் குறி சொல்வதற்காக ஒரு நாளும் வாக்குச் சாவடிக்குச் சென்றதில்லை. தத்தம் வேலை, கூலி, பிள்ளைகளின் எதிர்காலம் ஆகியவற்றை எண்ணியே சென்றார்கள். குறி பொய்த்தது என்று 2020இல் வியந்தவர்கள், அந்த ஆலைத் தெருக்களில் என்ன மாறியது என்று முன்பே கேட்டிருந்தால் வியந்திருக்க மாட்டார்கள். பொருளியல் பயிலும் நாம் எண்களைப் படிக்கும்போதெல்லாம் அவற்றின் பின்னால் உள்ள மனிதரையும் சேர்த்துப் படிப்போமாக!