உங்களுக்குத் தெரியுமா? காலையில் கிளம்பாத கிழட்டுக் கார்!

மலேசிய வானிலை நிலையங்களில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை எவ்வளவு தெரியுமா? 7.8 டிகிரி செல்சியஸ்! இடம் கேமரன் மலை, நாள் 1978 பிப்ரவரி 1. அதிகபட்சம்? 1998 ஏப்ரல் 9-இல் பெர்லிஸ் மாநிலத்தின் சூப்பிங்கில் 40.1! ஆக, பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் பனியாவது, குளிரில் கார் உறைவதாவது!

அப்படியானால் பாலிக் புலாவிலும் பழைய கார் விடியற்காலையில் மக்கர் பண்ணுகிறதே, ஏன்? குற்றவாளி வெயில்! பேட்டரியின் சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்! கனடாவில் பனிக்காலத்தில் படுக்கும் பேட்டரிகூடப் பெரும்பாலும் முந்தைய கோடையில் அடிபட்டதுதான். கொன்றது வெயில், பழி குளிருக்கு!

குளிரும் சும்மா விடுமா? மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் பலம் கிட்டத்தட்ட பாதி! அதே குளிரில் எஞ்சினைச் சுழற்றத் தேவைப்படும் பலமோ இரண்டு மடங்கு! பாதிச் சம்பளம், இரட்டை வேலை!

நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. சார்ஜ் இறங்கிய பேட்டரி? மைனஸ் 7, 8 டிகிரியிலேயே உள்ளே பனிக்கட்டி! பெட்டி வெடித்துப் பிளந்துவிடும்! உறைந்த பேட்டரிக்கு ஜம்ப்பர் கேபிள் போடவே கூடாது. கனடாவில் இருக்கும் உங்கள் சொந்தக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அசந்துபோவார்!

பேட்டரியின் மேல் ‘சி.சி.ஏ.’ என்று ஒரு எண் இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? மைனஸ் 18 டிகிரியில், 30 விநாடி, 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் எத்தனை ஆம்பியர் தரும் என்ற கணக்கு அது! பாலிக் புலாவில் இளநீர் வெட்டுகிறவர் காரில் இருக்கும் பேட்டரிக்கும் இந்த உறைபனிப் பரீட்சைதான்!

12 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட் இருந்தால் நல்லது என்று நினைக்கிறீர்களா? தப்பு! 12.6 இருந்தால்தான் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம்! வெறும் 0.6 வோல்ட்டுக்குள் முக்கால் வாழ்க்கை அடக்கம்! சாவியைத் திருப்பும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் கடைக்குக் கிளம்புங்கள். எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14 காட்டுகிறதா? ஆல்டர்னேட்டர் பிழைத்தது!

மீட்டர் இல்லையா? காது போதும்! ‘டக்டக்டக்டக்’ என்று விடாமல் அடித்தால் பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது முனைகள் சரியில்லை. ஒரே ஒரு ‘டக்’, பிறகு மயான அமைதி என்றால் ஸ்டார்ட்டரிலோ சோலனாய்டிலோ சந்தேகம். சுறுசுறுப்பாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லையா? பேட்டரியை விட்டுவிட்டு ஸ்பார்க் பிளக்கையும் பெட்ரோலையும் பாருங்கள். எந்தச் சத்தமுமே இல்லையா? ஆட்டோ கியராக இருந்தால் கியரை ‘பி’-யிலிருந்து ‘என்’-னுக்குத் தள்ளி ஒரு தடவை முயலுங்கள். பலருக்கு இது தெரியாது!

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரிப் பக்கம் கோளாறு. வெளிச்சம் அசையாமல் நின்றால் ஸ்டார்ட்டர் பக்கம்! செலவு? ஒரு சென் கூட இல்லை!

பேட்டரி முனையில் பூத்திருக்கும் அந்த வெள்ளை, பச்சைப் பொடி அழகுக்கு அல்ல! ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஏறக்குறைய 200 ஆம்பியர் பாய்கிறது. அந்தப் பொடி 0.01 ஓம் தடை கொடுத்தாலே 2 வோல்ட் காலி! 0.05 ஓம் என்றால் 10 வோல்ட்! பேட்டரி புத்தம் புதிது, காரோ பிணம்! கொஞ்சம் சமையல் சோடா, வெந்நீர், பழைய பல் தேய்க்கும் பிரஷ் போதும், பொடி போய்விடும். புது பேட்டரி வாங்கி ஏமாந்தவர்கள் எத்தனை பேரோ!

200 ஆம்பியரை 12 வோல்ட்டால் பெருக்குங்கள். 2,400 வாட்! மூன்று குதிரைத்திறனுக்கு மேல்! அதனால்தான் பத்து விநாடிக்கு மேல் சாவியை முறுக்கிப் பிடிக்கக் கூடாது. ஸ்டார்ட்டர் வெந்துவிடும்!

இந்த மின்சார ஸ்டார்ட்டர் பெரிய அளவில் முதலில் வந்தது 1912 கேடிலாக் காரில்! செய்தவர் சார்லஸ் கெட்டரிங். இவர் பெயரில் 180-க்கும் மேல் காப்புரிமைகள்! அதற்கு முன்னே கையால் இரும்புக் கம்பியைச் சுழற்ற வேண்டும். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு முறியும். அந்த முறிவுக்கு ‘ஷோஃபர் முறிவு’ என்று இன்றைக்கும் மருத்துவப் புத்தகத்தில் தனிப் பெயர்!

பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரியிலும் தீப்பொறிக்குப் பற்றிக்கொள்ளும்! பின் ஏன் குளிரில் எஞ்சின் பற்றுவதில்லை? ஆவியே போதுமான அளவு கிளம்பாது! சாதாரணமாக ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்கோ பெட்ரோலை அள்ளி ஊற்ற வேண்டும். பழைய காரில் ‘சோக்’ இழுப்பது காற்றின் கழுத்தை நெரிக்கத்தான்!

பாலிக் புலாவில் கதை தலைகீழ்! பெட்ரோல் கொதிக்க ஆரம்பிப்பது எத்தனை டிகிரியில்? வெறும் 35 சொச்சம்! பாயா தெருபோங்கிலிருந்து ஜாலான் துன் சார்டோன் மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி இறங்கி வருகிறீர்கள். வண்டியை நிறுத்தி ஒரு கிண்ணம் லக்சா சாப்பிடுகிறீர்கள். திரும்பி வந்தால் கார் கிளம்பாது! எஞ்சின் சூட்டில் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் கொதித்து ஆவியாகிக் கிடக்கும். போனெட்டைத் திறந்து வையுங்கள். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போடுங்கள். இன்னொரு கிண்ணம் லக்சா சொல்லுங்கள். அதற்குள் கிளம்பிவிடும்! (இரண்டாவது கிண்ணத்துக்கு இதைவிட நல்ல சாக்கு எனக்குத் தெரிந்து இல்லை.)

கிளம்பவில்லையே என்று பெடலைப் படபடவென்று மிதிக்கிறீர்களா? கார்புரேட்டர் காரில் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பீச்சு பெட்ரோல்! பிளக் நனைந்து குளித்துவிடும். மூக்கில் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? பெடலைத் தரையோடு தரையாக அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டரே பெட்ரோல் பீச்சும் பல கார்களில், அப்படி அழுத்தினால் அது பெட்ரோலையே நிறுத்திவிடும்!

அந்தக் கம்ப்யூட்டரை ஏமாற்ற ஒரு சின்ன சென்சார் போதும்! எஞ்சின் தண்ணீரின் சூட்டைப் பார்க்கும் சென்சார். 20 டிகிரியில் பெரும்பாலும் 2,000 ஓமுக்கு மேல். 80 டிகிரியில் 300 சொச்சம்! அது கெட்டுப்போய் “எஞ்சின் சூடாகத்தான் இருக்கிறது” என்று பொய் சொன்னால், காலையில் கூடுதல் பெட்ரோல் வராது. விரல் நீளச் சாமான், மொத்தக் காரும் முடங்கும்!

12 வோல்ட்டைப் பிளக்கில் 20,000 வோல்ட்டாக்குவது ‘காயில்’ எனும் கம்பிச்சுருள்! ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஒரு துளி ஈரம் போதும், அத்தனை வோல்ட்டும் குறுக்கு வழியில் ஓடிவிடும். ராத்திரி முழுக்க மழை பெய்த டுரியான் தோட்டத்துப் பக்கம் நிற்கும் பழைய காருக்கு வரும் வியாதி பல நேரம் இதுதான். மூடியைக் கழற்றி, துடைத்து, காயவைத்து மாட்டுங்கள். கிளம்பும்!

ஈரத்தை விரட்டும் டபிள்யூ.டி-40 எதற்காகப் பிறந்தது தெரியுமா? ஏவுகணைக்கு! 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் கண்டுபிடித்தார்கள். ‘அட்லஸ்’ ஏவுகணை துருப்பிடிக்காமல் காத்தது. 40-ஆவது முயற்சியில்தான் கலவை சரியாக வந்தது!

பழைய காருக்கு 20டபிள்யூ-50 எண்ணெய் ஊற்றுகிறீர்களா? முதல் எண் குளிருக்கு! 20 என்றால் மைனஸ் 15 டிகிரியில் பரீட்சை. 10 என்றால் மைனஸ் 25. 0 என்றால் மைனஸ் 35! எண் குறையக் குறைய குளிரில் சுலபமாக ஓடும்!

டீசலுக்குள் மெழுகு இருக்கிறது! கடும் குளிரில் அது திரண்டு பில்டரை அடைத்துவிடும். லடாக்கில் டீசல் வண்டிகள் இதில் மாட்டிக்கொண்டு தவித்தன. 2019-இல் இந்தியன் ஆயில் நிறுவனம் அங்கே குளிர்கால டீசலையே கொண்டுவந்தது. மைனஸ் 33 டிகிரியிலும் உறையாமல் ஓடும்! பானிபட் ஆலைத் தயாரிப்பு!

கனடாவின் வின்னிபெக்கில் கார் நிறுத்துமிடங்களில் மின்சார பிளக்குகள்! எஞ்சினுக்குள்ளேயே ஹீட்டர். முன் கிரில்லிலிருந்து வயர் தொங்கும். மின்சாரக் கார் இல்லை சார், சாதாரணப் பெட்ரோல் கார்!

1985-இல் புரோட்டான் சாகா பிறந்தது. அதே வருடம் பினாங்குப் பாலமும் திறந்தது! நீளம் 13.5 கிலோமீட்டர். அப்போதைய பிரதமர் மகாதீர் அந்தப் பாலத்தில் ஓட்டிச் சென்றது சாகாதான்! அன்றைக்கு வாங்கிய சாகா உங்கள் வீட்டில் இன்னும் நிற்கிறதா? 40 வயது தாண்டிவிட்டது, மரியாதையாக நடத்துங்கள்!

மோரிஸ் மைனரில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும்! பழைய ஆங்கிலேயக் கார்கள் பலவும் அப்படித்தான். வழக்கம்போல் கருப்பு வயரைப் பாடியில் மாட்டினால் புகை வரும்! 16 லட்சம் மைனர்கள் விற்றன. உங்கள் தாத்தாவுக்கு இது தெரிந்திருக்கும்!

ஜம்ப்பர் கேபிளின் கடைசி முனையைப் படுத்த பேட்டரியில் மாட்டாமல் எஞ்சின் இரும்பில் மாட்டச் சொல்கிறார்களே, ஏன்? பேட்டரி ஹைட்ரஜன் விடும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும்!

பூட் விளக்கு வெறும் 5 வாட். மூடியபிறகும் எரிந்துகொண்டே இருந்தால் ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணி காலி. சின்னக் காரின் 40 ஆம்பியர்-மணி பேட்டரி நாலே நாளில் வெறுங்கூடு! பூட் மூடியிருக்கும்போது உள்ளே விளக்கு எரிகிறதா, அணைகிறதா, எப்படிப் பார்ப்பது? கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள். சாவியை மட்டும் உள்ளே வைத்துவிடாதீர்கள்!